ஒன்பது மணிக்கு மேல்தான் தெரியும்

அவரை எங்கள் லம்பா லைன் குடியிருப்பு முழுக்க ‘ராக்கெட் மேடம்’ என்றுதான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவர் திருத்துவார். “ராக்கெட் இல்லைங்க, சாட்டிலைட். ராக்கெட்டை நான் கண்ணால பார்த்ததே இல்லை.” கேட்டவர் தலையாட்டிவிட்டு மறுநாள் மறுபடியும் ராக்கெட் மேடம் என்பார். அவரும் அதே நிதானத்தோடு மறுபடியும் திருத்துவார். எங்களோடு இருந்த காலம் முழுக்க இது நடந்தது. அவர் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தீவில், லம்பா லைனிலிருந்து ஜங்கிலிகாட் படகுத்துறைப் பக்கம் இறங்கும் சரிவில் ஒரு ஐஸ் ஃபேக்டரி இருந்தது. நான் அங்கே ஜெனரேட்டர் ஆபரேட்டர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. முதலாளியும் எங்கள் ஊர்ப் பக்கம்தான், பாய் என்று கூப்பிடுவோம். ஃபேக்டரியை ஒட்டி அவருக்கு இரண்டு மர வீடுகள். ஒன்றில் நானும் என் மனைவி சரோஜாவும் அவள் தம்பி வேலுவும் இருந்தோம். இன்னொன்று காலியாகக் கிடந்தது. அதைக் கேட்டுக்கொண்டு ஒருநாள் மேடம் கப்பலிலிருந்து இறங்கி நேராக வந்து நின்றார். முப்பத்துமூன்று வயது இருக்கும். கனமான கண்ணாடி, பருத்திப் புடவை, பின்னால் ஒரு தள்ளுவண்டி நிறைய மரப்பெட்டிகள்.

“மாப்பிள்ளை எந்த டிபார்ட்மென்ட்லம்மா?” என்று பாய் கேட்டார்.

“எனக்குக் கல்யாணம் ஆகலைங்க.”

“அப்ப எப்ப ஆகும்?”

“தெரியாதுங்க.”

தனியாக வந்திருக்கிற பெண் இந்தக் கேள்விக்கு எதையாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று பாய் நினைத்திருக்க வேண்டும். தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “சாவியக் குடு. இந்தப் புள்ளைக்குப் பொய் சொல்ல வராது,” என்றார்.

அந்தச் சரிவுக்கு அப்போது மின்கம்பம் வரவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஐஸ் ஃபேக்டரி ஜெனரேட்டரிலிருந்துதான் வயர் இழுத்திருந்தோம். அதனால் வந்த இரண்டாம் நாளே அவர் என்னைத் தேடி எஞ்சின் கொட்டகைக்கு வந்துவிட்டார்.

“காலையில ஒன்பது மணிக்கு எவ்வளவு வோல்ட் இருக்கும்?”

“சுமாரா இருநூத்து இருபது மேடம்.”

“சுமாரான்னா?”

நான் பெருமையோடு லாக் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். மணிக்கு ஒரு தரம் மீட்டரைப் பார்த்து எழுத வேண்டிய புத்தகம். ஒரு பக்கத்தைப் பார்த்தார், அடுத்த பக்கத்தைப் பார்த்தார். எட்டு மணி நேரத்துக்கும் ஒரே எண். எல்லா நாளும் ஒரே எண். ஷிப்ட் முடியும்போது உட்கார்ந்து மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் எழுதுவது என் வழக்கம். அவர் புத்தகத்தை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து தன் மீட்டரோடு வந்து மூன்று நாள் எஞ்சின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவரே அளந்தார். நான்காம் நாள், யாரும் கேட்காமலே, நான் மணிக்கு ஒரு தரம் எழுந்து போய் மீட்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். அவமானமாக இருந்தது. பிறகு அதுவே பழகிவிட்டது.

அவர் யார், எதற்காக வந்தார் என்பதெல்லாம் சரோஜா மூலமாகத்தான் எனக்குத் துண்டு துண்டாகத் தெரிந்தது. மெயின்லேண்டில் ஒரு கம்பெனியில் ஏழு வருடம் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதியிருக்கிறார். ஓட்டை போட்ட அட்டைகளைக் கட்டுக் கட்டாக அந்த மெஷினுக்குள் விட வேண்டுமாம். ரயில்வே கூட்ஸ் வண்டிகளில் எந்தப் பெட்டி எந்த ஊரில் நிற்கிறது என்று அது பட்டியல் போட்டுத் தரும்.

“அந்தப் பட்டியல் வெளியே வர்றதுக்குள்ள பெட்டி வேற ஊருக்குப் போயிருக்கும் சரோஜா,” என்றாராம். “சில ஸ்டேஷன்ல அவங்களா ஒரு எண்ணை எழுதி அனுப்பிடுவாங்க. மெஷின் அதையும் அழகா அச்சடிச்சுக் கொடுக்கும். ஏழு வருஷத்துல நான் ஒரு பெட்டியைக்கூட நேர்ல பார்க்கலை.”

ஒருநாள் ஒரு பேராசிரியர் தன் அட்டைக் கட்டோடு அந்தக் கம்பெனிக்கு வந்திருக்கிறார். வானத்தில் சுற்றும் ஒரு சாட்டிலைட் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பதற்கான கணக்கு. விடை தப்பாக வந்துகொண்டே இருந்தது. இவர் மூன்று நாள் உட்கார்ந்து பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் மெஷின் சொன்ன நிமிடத்துக்கு மொட்டை மாடியில் போய் நின்றிருக்கிறார். சொன்ன திசையில், சொன்ன நிமிடத்தில், நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி ஊர்ந்து போயிற்று. நான்கு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு அந்தப் பேராசிரியரிடமே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்துவிட்டார். அவரோடு படித்தவர்கள் எல்லாம் அவரைவிடப் பத்து வயது இளையவர்கள்.

ஆராய்ச்சியை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு சாட்டிலைட் தினமும் காலை ஒன்பது மணியை ஒட்டி எங்கள் தலைக்கு மேலே வடக்கிலிருந்து தெற்காகப் போகும். போகிற வழியில் மேகங்களைப் படம் பிடித்து ரேடியோவில் கீழே அனுப்பும். பெரிய நிலையம் எதுவும் இல்லாமல், ஒரே ஆள், கைச்செலவில் செய்த கருவியை வைத்துக்கொண்டு அந்தப் படத்தை வாங்க முடியுமா? அதில் தெரிகிற மேகம் கடலில் எந்த இடத்துக்கு மேலே நிற்கிறது என்று சரியாகச் சொல்ல முடியுமா? புயல்கள் பிறக்கிற கடலுக்கு நடுவே இருப்பதால்தான் எங்கள் தீவைத் தேர்ந்தெடுத்தாராம்.

முற்றத்தில் ஒரு ஏரியல் நட்டார். சைக்கிள் செயினும் பல்சக்கரமும் வைத்து நானும் வேலுவும் பொருத்திக் கொடுத்தோம். சாட்டிலைட் போகும் பன்னிரண்டு, பதிமூன்று நிமிடமும் அவர் வலது கையால் அதைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டும் இடது கையால் நிமிர்த்திக்கொண்டும் இருப்பார். ஒலிபெருக்கியில் விசில் போல ஒரு சத்தம் வரும். பிறகு உள்ளே உருளையில் சுற்றிய காகிதத்தில் படம் கோடு கோடாக, லேசான கருகல் வாசனையோடு இறங்கும். மீதிப் பகல் முழுக்கக் கணக்கு. கம்ப்யூட்டர் நிமிடத்தில் செய்ததைக் கையால் சுற்றும் ஒரு சின்னக் கணக்கு மெஷினில் செய்தார். எங்கள் வீட்டுக்கு அந்தக் கரகர சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த மாதங்களில் ஒருநாள்கூட அவர் அந்த ஒன்பது மணியை விட்டதில்லை. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு ஏரியலைத் திருப்பியதைப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, திருவிழா, எதுவும் கிடையாது.

அக்கம்பக்கத்து வங்காளிகளும் தெலுங்கர்களும் வேலி ஓரமாக நின்று, “தூஃபான் ஆயேகா க்யா மேடம்ஜி?” என்று கேட்பார்கள். புயல் வருமா என்று. அவர் படத்தை எடுத்து வந்து காட்டுவார். “ஒன்பது பத்துக்கு மேகம் இங்கே இருந்தது. இப்போ எங்கே இருக்குன்னு தெரியாது.” இதை அவருடைய உடைந்த ஹிந்தியில் சொல்வார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் சிரிக்க முடியாத ஒரு நாளும் வந்தது.

சரோஜாவுக்கு ஏழாம் மாதம். ஒருநாள் காலையிலிருந்து குழந்தை அசையவில்லை என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவரும் ஒன்பது மணிப் படத்தை வாங்கிவிட்டு வந்து சேர்ந்தார். நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரி, நான், எல்லோரும் “ஒண்ணும் ஆகாது, பயப்படாதே” என்றோம். சரோஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க சொல்லுங்க. ஒண்ணும் ஆகாதுல்ல?”

“எனக்குத் தெரியலையே சரோஜா.”

நான் அவரை முறைத்தேன். அந்த நேரத்தில் அடித்திருப்பேன் என்றுகூடத் தோன்றுகிறது. அவர் தலை குனிந்துகொண்டார். ஆனால் கையை விடவில்லை. அன்று சாயங்காலம்வரை அந்தக் கட்டில் ஓரத்தில் இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. குழந்தை தங்கவில்லை.

சரோஜா இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று என்னிடம் பொருமினாள். பிறகு ஒருநாள் தானாகவே மீன் குழம்பை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து, “எல்லாரும் எனக்குப் பொய் சொன்னீங்க. அவங்க சொல்லல,” என்று மட்டும் சொன்னாள்.

வேலுவின் கதை அந்த வருடக் கடைசியில் நடந்தது. அவனும், தாதா (அண்ணன்) என்று அவன் கூப்பிடும் ஒரு வங்காளியும் கூட்டாக ஒரு மோட்டார் போட் வைத்திருந்தார்கள். ஜங்கிலிகாட்டிலிருந்து பாராடாங் தீவுக்கு ஆட்களையும் சாமானையும் ஏற்றிப் போவார்கள். தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. மளிகை மூட்டை, மண்ணெண்ணெய் டின், புதுத்துணி, ஊருக்குத் திரும்புகிற ஆட்கள் என்று போட் நிறைய ஏற்றியிருந்தான். கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது. எந்த எச்சரிக்கையும் வந்திருக்கவில்லை. மூட்டை ஏற்ற நானும் படகுத்துறை ஜெட்டிக்குப் போயிருந்தேன்.

கிளம்புவதற்குச் சற்று முன்பு மேடம் வந்தார். லம்பா லைனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார். ஒரு செருப்பின் வார் அறுந்து கையில் இருந்தது. சரோஜா காலையில் போய், “வேலு போகலாமா அக்கா?” என்று கேட்டிருக்கிறாள். ஒன்பது மணிக்கு மேல்தான் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். படகு எட்டரைக்கே கிளம்பிவிடும் என்று அவள் சொன்னதும் அப்படியே இறங்கி வந்துவிட்டார்.

“வேலு, ஒரு மணி நேரம் பொறுக்கலாமா? முந்தாநாள் படத்துலயும் நேத்துப் படத்துலயும் தென்கிழக்குல ஒரு பெரிய மேகம் இருக்கு. இன்னிக்குப் படம் வந்தா...”

“புயல் வருமாக்கா?”

“தெரியாது.”

“தெரியாதுன்னா எப்படிக்கா? ஒம்பதரைக்குக் கெளம்புனா இருட்டுறதுக்குள்ள போய்ச் சேர முடியாது. பதினோரு பேரு உக்காந்திருக்காங்க பாருங்க. தாதா, சலோ, எஞ்சின ஸ்டார்ட் பண்ணு.”

அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜெட்டியிலிருந்து படகில் இறங்கி ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

“என்னக்கா இது?”

“என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது வேலு. நீ போனா நானும் வரேன்.”

வேலுவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைப் பிடித்து இறக்கிவிட முடியுமா? என்னிடம் வந்து காதோடு சொன்னான்: “கொஞ்சம் விடுங்க மச்சான். ஒம்பது ஆனா தானா எந்திரிச்சு ஓடிருவாங்க. படத்த விட மாட்டாங்க.” எனக்கும் அது சரியாகவே பட்டது. எஞ்சினை ஓடவிட்டபடியே காத்திருந்தோம். ஆட்கள் முணுமுணுத்தார்கள். மணி எட்டே முக்கால் ஆயிற்று. அவர் எழவில்லை. ஒன்பது ஆயிற்று. வாட்சைப் பார்த்தார். மடியில் கைகள் இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்திருந்தன.

பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினார். வடக்குப் பக்கம், ஒன்றுமே இல்லாத வெள்ளை வானத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, தலைக்கு நேராக வந்து, தெற்கே இறங்கியது. கழுத்து ஒரே சீராகத் திரும்பியது. இடது கை விரல்கள் மடியில் தானாக அசைந்தன. பன்னிரண்டு நிமிடம் இருக்கும். படகில் இருந்தவர்களும் என்ன பார்க்கிறார் என்று வானத்தைப் பார்த்தார்கள். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வேலு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி, “தாதா, எஞ்சின் பந்த் கரோ,” என்றான். எஞ்சின் நின்றது. “எல்லாரும் இறங்குங்க. இன்னிக்குப் போகல.”

ஆட்கள் சண்டை போட்டார்கள். அவன் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: “அந்தக்கா படத்த விட்டுட்டு உக்காந்திருக்கு. நான் போகல.”

இரண்டு மணிக்குமேல் காற்று எழுந்தது. நான்கு மணிக்குள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஏரியலை இறக்கிக் கட்டினோம். இரண்டு நாள் அடித்தது; காலை ஒன்பதுக்கு மட்டும் ஏரியலை நாங்கள் கையால் பிடித்துக்கொள்ள அவர் படம் வாங்கினார். எங்கள் கூரைத் தகரம் நான்கு பறந்துபோய் ஐஸ் ஃபேக்டரிச் சுவரில் மோதியது. பாராடாங் பக்கத்தில் ஜெட்டியே போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம். காற்று எழுந்த நேரத்தில் படகு திறந்த கடலில் இருந்திருக்கும்.  அதற்குப் பிறகு மேடம் வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பது வேலுவின் வேலையாயிற்று.

அன்றைய படத்தை விட்டது அவருக்குப் பெரிய நஷ்டம் என்று எனக்குத் தெரிந்தது பேராசிரியர் வந்தபோதுதான். புயலை நாள் நாளாகப் பின்தொடர்ந்து காட்டுவதுதான் ஆராய்ச்சியின் உயிர். முன்னால் இரண்டு படம் இருந்தது, பின்னால் இரண்டு படம் இருந்தது. மேகம் சுழலாக மாறிய அந்த ஒரு நாள் இல்லை. கப்பலில் வந்து இறங்கிய பேராசிரியர், நல்ல மனிதர், குரலே உயர்த்தாதவர், படங்களை வரிசையாகப் பாயில் பரப்பிப் பார்த்தார். நான் வாசலில் ஸ்விட்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு நாள் போனா போகட்டும்மா. கரண்ட் போச்சுன்னு எழுதிடு. தீவுல அது சகஜம். யாரும் கேட்க மாட்டாங்க.”

“கரண்ட் இருந்தது சார்.”

“பின்னே என்ன எழுதுவே?”

“ஆய்வாளர் கருவி அருகில் இல்லைன்னு எழுதுவேன்.”

“எங்கே போயிருந்தேன்னு கேட்பாங்களே? இவ்வளவு பொறுப்பில்லாத ஆள்னா மத்த எண்களை எப்படி நம்பறதுன்னு கேட்பாங்க. வேலையை விட்டுட்டு இந்த வயசுல வந்திருக்கே. எனக்கு உன் பட்டம் முக்கியம்மா.”

அவர் பாயில் கிடந்த படங்களை எடுத்து அடுக்கினார். பேராசிரியர் போன பிறகு நான் உள்ளே போனேன். “மேடம், ஜெனரேட்டர் ரிப்பேர்னு நான் ஃபேக்டரி லெட்டர்ல எழுதித் தரேன். பாயும் கையெழுத்துப் போடுவாரு. எங்க பயலுக்காகத்தானே நீங்க...”

“அன்னிக்கு ஜெனரேட்டர் ஓடிச்சே.”

“யாருக்கு மேடம் தெரியப்போகுது?”

“உங்களுக்குத் தெரியுமே,” என்றார். பிறகு சிரித்தார். “இப்பதான் ஒழுங்கா ரீடிங் எழுத ஆரம்பிச்சிருக்கீங்க. அதைக் கெடுக்க வேண்டாம்.”

இன்னொரு புயலைப் பிடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அடுத்த வருடமும் தங்கினார். அந்த வருடம் புயலே வரவில்லை. ஊரே சந்தோஷமாக இருந்தது. தீபாவளிக்குப் பாராடாங் படகுகள் நிம்மதியாகப் போய் வந்தன. அவரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். ஆனால் ஒவ்வொரு காலையும் வெறும் கடலின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சமயத்தில் பழைய கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புது மெஷின் வந்திருக்கிறது, வந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்று. திரும்பி வரச்சொல்லி அவருடைய அம்மாவும் தனியே எழுதியிருந்தார்.

“போயிடுவீங்களாக்கா?” என்று சரோஜா கேட்டாள்.

“தெரியாது சரோஜா,” என்றார். எத்தனையோ முறை அவர் வாயால் கேட்ட சொல். அன்றைக்கு மட்டும்தான் அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரோஜா அன்று மாலைவரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அவர் கம்பெனிக்குப் போகவில்லை. இருக்கிற படங்களோடு ஆய்வேட்டை எழுதி முடித்துக்கொண்டு மார்ச் மாதக் கப்பலில் போனார். அந்த நாளுக்கான பக்கத்தில், தான் கருவி அருகில் இல்லை என்றே எழுதியிருப்பதாகப் போகும்போது சொன்னார். பேராசிரியர் கடைசியில், உன் பெயர், உன் பக்கம், உன் இஷ்டம் என்று விட்டுவிட்டாராம்.

எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நான் சத்தமாகப் படித்தேன். சரோஜாவும் வேலுவும் கேட்டார்கள்.

“வாய்மொழித் தேர்வு முடிந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர். இரண்டு மணி நேரம் கேள்விகள் கேட்டார். கடைசியில் அந்தப் பக்கத்தைத் திருப்பி, ‘அன்று எங்கே போனீர்கள்?’ என்றார். நடந்ததைச் சொன்னேன். ‘படகில் எத்தனை பேர்?’ என்று கேட்டார். பயணிகள் பதினொருவர், படகுக்காரர்கள் இருவர் என்றேன். அதைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு, ‘இதையும் அச்சில் சேர்த்துவிடுங்கள்’ என்றார். பட்டம் கொடுத்துவிட்டார்கள். சாட்டிலைட்டிலிருந்து வரும் செய்திகளை வாங்கும் ஒரு நிலையத்தில் வேலையும் கிடைத்திருக்கிறது.”

சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலு மட்டும் விரல்களை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தான்.

“பதினொண்ணு இல்ல மச்சான். பன்னெண்டு. அந்த ராஞ்சிக்காரப் பொம்பள சீலைக்குள்ள ஒரு கைக்குழந்தை தூங்கிக்கிட்டு இருந்துச்சு. இறக்கிவிடும்போது நான்தான் வாங்கிக் குடுத்தேன். அக்கா பாக்கல.”

“இப்ப அதுக்கென்னடா?” என்றேன்.

“எழுதுங்க. அக்காவுக்குத் தெரியணும்ல.”

அந்தக் கடிதத்தைச் சரோஜாதான் எழுதினாள். அடுத்த கப்பலிலேயே பதில் வந்தது. வழக்கத்துக்கு மாறாக அவர் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. அச்சுக்குப் போகும் முன் எண்ணிக்கையைத் திருத்திவிட்டதாகவும், தேர்வாளருக்கும் தனியே தெரிவித்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: “குழந்தை ஆணா, பெண்ணா? வேலுவிடம் கேட்டு எழுதவும்.”

வேலுவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அடுத்த நடை பாராடாங் போனபோது சாமானை இறக்கிவிட்டு, வெயிலில் மூன்று மைல் நடந்து, அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். வந்ததும் வராததுமாகச் சரோஜாவைக் காகிதம் எடுக்கச் சொன்னான்.

“பொண்ணு. ரெண்டரை வயசு. கோழியத் தொரத்திக்கிட்டுத் திரியுது. நான் கண்ணால பார்த்தேன்னு எழுதுக்கா.”